எந்தப் பதிப்பு என்று முதலில் எழுதி வையுங்கள்

மாக் மண்டின் தொழிற்பேட்டையில், உலர்த்தும் அறைகளுக்குள் காற்று எப்படி ஓடும் என்று கணக்கிட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. கையில் இருப்பது ஓப்பன்ஃபோம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முளைத்து, 2004-இல் ஜிபிஎல் உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள்.

போன வருடம் ஒரு வாடிக்கையாளர் தன் பழைய கோப்பை அனுப்பினார். ஓட்டினேன், தொடங்கிய வேகத்தில் நின்றுவிட்டது. ஒரே பெயரில் இரண்டு கிளைகள் இருப்பதுதான் சிக்கல். ஒன்று 10, 11 என்று எண்ணில் போகும். மற்றது வி2312 என ஆண்டையும் மாதத்தையும் சுமக்கும். 2023-இல் வந்த 11-ஆம் பதிப்பு, சிம்பிள்ஃபோம் போன்ற தனித்தனி நிரல்களின் வேலையை ஃபோம்ரன் என்ற ஒன்றின் கீழ்க் கொண்டுவந்தது. மற்ற கிளையில் பழைய முறையே தொடர்கிறது. அவர் அனுப்பியதில் இருந்த எல்லை நிபந்தனைகளை என் பதிப்புக்கு ஏற்ப வரிவரியாகத் திருத்த எனக்கு இரண்டு இரவு ஆனது.

உரிமம் என்றதும் முதலாளிகள் மிரள்கிறார்கள். பட்டறைக்குள் மாற்றி எழுதி நாமே ஓட்டினால் யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. கணக்கின் முடிவும் படமும் நம்முடையவை. மாற்றிய நிரலையே வாடிக்கையாளரிடம் கொடுத்தால்தான் மூலநிரலும் அவருக்குக் கிடைக்க வேண்டும். அது நியாயம். நமக்கும் அப்படித்தானே கிடைத்தது!

விலைப்பட்டியலோடு கிளையையும் பதிப்பெண்ணையும் எழுதித்தரும்படி ஒவ்வொரு வாடிக்கையாளரும் கேட்க வேண்டும். நான் இப்போது அவர்கள் கேட்காமலே எழுதுகிறேன், முதல் பக்கத்திலேயே.