ஐந்து நம்பிக்கைகளும் ஆங்கில வகுப்பறையும்

ஆங்கிலம் கற்பிக்கும் முறையைக் காலனி நாடுகளுக்கு வகுத்துக் கொடுத்த கூட்டங்களுள் முக்கியமானது, 1961 ஜனவரியில் உகாண்டாவின் மக்கெரெரேயில் நடந்த காமன்வெல்த் மாநாடு. ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுவந்த காலம் அது. உகாண்டாவில் அப்போதும் பிரிட்டிஷ் கொடிதான் பறந்தது. அந்த மாநாட்டு அறிக்கையைப் பின்னாளில் ஆராய்ந்த மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன், அதில் ஐந்து நம்பிக்கைகள் வேரோடியிருப்பதைக் கண்டார். ஆங்கிலத்தை ஆங்கிலம் வழியாகவே கற்பிக்க வேண்டும். அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர். எவ்வளவு சிறு வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எவ்வளவு கூடுதலாகக் கற்பிக்கிறோமோ அவ்வளவு பலன். வகுப்பில் பிற மொழிகள் அதிகம் புழங்கினால் ஆங்கிலத்தின் தரம் கெடும். 1992இல் வெளியான ‘மொழி ஏகாதிபத்தியம்’ என்ற நூலில் இவை ஐந்தும் பிழை என்று அவர் வாதிட்டார்.

இந்த நம்பிக்கைகளால் ஆதாயம் அடைந்தவர்கள் யார் என்பது மறைபொருள் அல்ல. தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்றால், வேலையும் ஆலோசகர் பதவியும் பிரிட்டனிலிருந்து வருபவருக்கு. வகுப்பில் வேறு மொழி கூடாது என்றால், இரு மொழியும் அறிந்த உள்ளூர் ஆசிரியரின் முதன்மையான திறமையே குறையாகிவிடுகிறது. பாடநூல் பிரிட்டனில் அச்சானது. தேர்வுத்தாளும் அங்கிருந்தே வந்தது. 1934இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் கவுன்சில் இன்று ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் உரிமையாளர்களில் ஒன்று. வெளிநாட்டில் படிக்க விரும்பும் மாணவர் கட்டும் தேர்வுக் கட்டணத்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. ஃபிலிப்சனே இளமையில் அந்த கவுன்சிலில் பணியாற்றியவர் என்பதால், அவருடைய விமர்சனத்தை வெளியாளின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்த நம்பிக்கைகள், மாநாட்டுக்கு முன்பே, வகுப்பறைக்குள் எப்படி இயங்கின என்பதை கென்ய எழுத்தாளர் ங்கூகி வா தியாங்கோ பதிவுசெய்திருக்கிறார். 1952இல் கென்யாவில் அவசரநிலை வந்ததும் கிக்குயு மக்கள் நடத்திய சுயேச்சைப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது, பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. பள்ளி எல்லைக்குள் கிக்குயு பேசிப் பிடிபட்ட மாணவருக்குப் பிரம்படி கிடைத்தது. ‘நான் முட்டாள்’ என்று எழுதிய தட்டைக் கழுத்தில் மாட்டிவிடுவதும் உண்டு. பிடிப்பதற்குப் பிள்ளைகளையே ஏவினார்கள். காலையில் ஒருவனிடம் ஒரு வில்லையைக் கொடுப்பார்கள். தாய்மொழி பேசும் அடுத்தவனிடம் அதை அவன் தள்ளிவிடலாம். மாலையில் அது யாரிடம் இருக்கிறதோ, அவன் தனக்குக் கொடுத்தவனைச் சொல்ல வேண்டும். அவன் இன்னொருவனைச் சொல்ல வேண்டும். சக மாணவனைக் காட்டிக்கொடுப்பதும் பாடத்தில் ஒன்றாயிற்று. 1954இல் ங்கூகியின் வகுப்புத் தோழன் ஒருவன் மற்ற எல்லாப் பாடங்களிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்று, ஆங்கிலத்தில் மட்டும் தவறினான். முழுத் தேர்விலும் தோல்வி என்று அறிவித்தார்கள். கணக்கும் அறிவியலும் கைவந்த அந்தப் பையன் பேருந்தில் எடுபிடி வேலைக்குப் போனான். எத்தனை காலனி நாடுகளில் எத்தனை பிள்ளைகள் இப்படி வடிகட்டப்பட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

மக்கெரெரே நம்பிக்கைகளுக்கு நேரடியான மறுப்பு நைஜீரியாவிலிருந்து வந்தது. 1970இல் இஃபே பல்கலைக்கழகத்தின் பாப்ஸ் ஃபஃபுன்வா தலைமையில் ஒரு சோதனை தொடங்கியது. ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளும் யொரூபா மொழியில் பாடம். ஆங்கிலம் தனிப் பாடம், அதற்கெனத் தேர்ந்த ஆசிரியர். இன்னொரு பிரிவுக்கு வழக்கம்போல் மூன்றாண்டு யொரூபா, பிறகு ஆங்கில வழி. முதல் பிரிவினர் மற்ற பாடங்களில் முந்தினார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. ஆங்கிலத்தை நன்றாகக் கற்பிப்பதும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கற்பிப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனாலும் நாட்டின் நடைமுறையை அது மாற்றவில்லை.

சான்றுக்கும் கொள்கைக்கும் உள்ள தூரத்தை ருவாண்டா இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. கிட்டத்தட்ட நாட்டு மக்கள் அனைவரும் கிண்யருவாண்டா என்ற ஒரே மொழி பேசுபவர்கள்; தாய்மொழிக் கல்விக்கு இவ்வளவு தோதான நாடு ஆப்பிரிக்காவில் அரிது. 2008 அக்டோபரில் அமைச்சரவை, பிரெஞ்சை விலக்கி ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்க முடிவெடுத்தது. பிரான்ஸுடன் இருந்த பகை, உகாண்டாவிலிருந்து திரும்பிய ஆங்கிலம் அறிந்த ஆட்சியாளர்கள், கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தை எனக் காரணங்கள் பல. அவற்றில் குழந்தையின் கற்றல் பின்வரிசையில்தான் இருந்தது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் அறியாதவர்கள். விடுமுறைப் பயிற்சியில் தாங்களே தட்டுத்தடுமாறிப் படித்த மொழியில், திரும்பி வந்து அறிவியல் நடத்தினார்கள். 2009 நவம்பரில் ருவாண்டா காமன்வெல்த்தில் சேர்ந்தது. 2011இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தாய்மொழி மீண்டது. 2019இல் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று கொள்கை மறுபடி திரும்பியது.

கொள்கை இப்படித் தடம் மாறியது ஆப்பிரிக்காவில் மட்டுமல்ல. மலேசியாவில் 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது, 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளும் அதற்குள் வந்தன. கிராமப்புற மாணவர்கள் பின்தங்குகிறார்கள் என்ற எதிர்ப்புக்குப் பின், 2012 முதல் படிப்படியாகக் கைவிடுவதென 2009இல் அரசு முடிவுசெய்தது.

ஆதிக்கத்துக்கு உள்ளாகிறவர்கள் அதை வாய்மூடி ஏற்பதில்லை என்பதை மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா 1999இல் எழுதிய நூல் காட்டியது. போர்க்கால யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கப் பாடநூலைக் கொண்டு ஆங்கிலம் படித்த மாணவர்கள், அதன் ஓரங்களில் தமிழ்த் திரைப்படக் காட்சிகளையும் தங்கள் அரசியலையும் கிறுக்கி வைத்தார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்பது அவர்கள் நிலைப்பாடு அல்ல; தங்கள் வாழ்க்கைக்குள் வைத்து அதைக் கற்க முயன்றார்கள்.

பெற்றோரே ஆங்கில வழியைக் கேட்கிறார்களே என்பது வலுவான எதிர்வாதம். வேலையும் உயர்கல்வியும் ஆங்கிலத்தின் பின்னே இருக்கும்வரை அந்த விருப்பத்தை அறியாமை என்று தள்ளுவது அநியாயம். ஆனால் அவர்கள் கேட்பது ஆங்கிலத் திறன்; பள்ளி கொடுப்பது ஆங்கில வழி. நெதர்லாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் பெரும்பாலான பிள்ளைகள் சொந்த மொழியில் படித்து, ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்றே சரளமாகப் பேசுகிறார்கள். அங்கேயும் உயர்கல்வியில் ஆங்கிலம் பெருகியபோது அரசுகள் சும்மா இருக்கவில்லை. ஸ்வீடன் 2009இல் மொழிச் சட்டம் இயற்றியது. தாய்மொழியில் கலைச்சொற்களைப் பேணி வளர்ப்பதை நார்வே தன் பல்கலைக்கழகங்களின் சட்டக் கடமையாக்கியது. தான்சானியாவிலோ தொடக்கக் கல்வி 1967 முதல் சுவாஹிலியில் நடக்கிறது, கலைச்சொல் பணிக்குத் தேசிய மன்றமும் இருக்கிறது. ஆனாலும் உயர்நிலைப் பள்ளியில் காலெடுத்து வைத்ததும் மாணவர் ஆங்கிலத்துக்கு மாறியாக வேண்டும்.