"பெண்கள் கூச்சப்படுறாங்க"னு இனிமே சொல்லாதீங்க டாக்டர்

1/ வெள்ளைப்படுதுன்னு ஒரு பெண் ஓபிக்கு வர்றார். எத்தனை நாளா இருக்கு, அரிப்பு இருக்கா, ரெண்டே கேள்வி. சீட்டில் மாத்திரை எழுதியாச்சு. அடுத்த பேஷன்ட்! படுக்க வைத்துப் பரிசோதித்தோமா? இல்லை. ஏன்னு கேட்டா ரெடியா ஒரு பதில்: "நம்ம ஊர் பெண்கள் கூச்சப்படுவாங்க சார்." இது பொய். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான திரெட்.

2/ கருப்பைவாய் வெளியிலிருந்து தெரியாது. ஸ்பெகுலம் வைத்துத்தான் பார்க்கணும். சில நிமிஷ வேலை. பூஞ்சை, டிரைக்கோமோனாஸ், கிளமிடியா, கொனோரியா எல்லாத்துக்கும் மருந்து வேற வேற. நாற்றத்தோடு வர்ற வெள்ளைப்படுதல் சில நேரம் புற்றுநோயாகவே இருக்கும். கதை கேட்டு மட்டும் இதைப் பிரிச்சு சொல்ல யாராலும் முடியாது.

3/ அரசு மருத்துவமனைகளில் இதுக்கு கலர் கலரா கிட் இருக்கு. பிறப்புறுப்புத் தொற்றுக்குப் பச்சை, கருப்பைவாய்த் தொற்றுக்குச் சாம்பல். நல்ல திட்டம்தான். ஆனா எந்த கலர் என்பதைப் பார்த்துத்தானே முடிவு பண்ணணும்? கிட்டைப் பிடிச்சுக்கிட்டோம், பார்க்கிறதை விட்டுட்டோம்.

4/ அடுத்து பாப் ஸ்மியர். கருப்பைவாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைக் கண்டுபிடிப்பதுதான் இதன் முதல் வேலை. பூஞ்சையோ டிரைக்கோமோனாஸோ போற போக்கில் கண்ணில் படலாம். கிளமிடியா, கொனோரியாவுக்குத் தனி டெஸ்ட் வேணும். அதனால "ஸ்மியர் நார்மல், தொற்றே இல்லை"ன்னு சொல்றது தப்பு. ரிப்போர்ட்டில் "இன்ஃப்ளமேட்டரி"ன்னு ஒரு வார்த்தை இருந்தாலே, தொந்தரவு எதுவும் இல்லாதவங்களுக்கும் ஆன்டிபயாடிக் எழுதறதும் தப்பு.

5/ கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி வைரஸ். அரிக்காது, வலிக்காது, நாறாது. பெரும்பாலானவங்களுக்குத் தானாகப் போயிடும். போகாமல் தங்கினால் புற்றுநோயாக மாறப் பொதுவா 10 வருஷத்துக்கு மேல் ஆகும். அத்தனை வருஷம் நமக்கு டைம் இருக்கு. அப்படியும் இந்தியாவில் ஆண்டுக்கு 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் சாகிறார்கள்.

6/ இப்ப கூச்சத்துக்கு வருவோம். திண்டுக்கல் மாவட்டம், 2000களின் தொடக்கம். லேப் வசதி தேவைப்படாத ஒரு முறை: கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிஷம் கழித்து வெள்ளையாக மாறுதான்னு பார்ப்பது. பார்த்தவங்க பயிற்சி பெற்ற நர்ஸ்கள். அழைக்கப்பட்ட கிராமத்துப் பெண்களில் 60 சதவீதத்துக்கும் மேல், 31 ஆயிரம் பேர் வந்தாங்க. பரிசோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட்டால் இந்தப் புற்றுநோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு. 2007இல் லான்செட் இதழில் வெளிவந்தது. நம்ம ஊர்தான். நம்ம பெண்கள்தான். எங்கே போச்சு கூச்சம்?

7/ அதே தமிழ்நாட்டில், 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 30-49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை வாழ்க்கையில் ஒரு தடவையாவது செய்தவர்கள் 9.8 சதவீதம். இந்திய அளவில் 1.9. கூப்பிட்டா வர்றாங்க. நாமதான் கூப்பிடலை.

8/ "ஓபியில நூறு பேர் நிக்கிறாங்க, எங்க டைம்?" நியாயமான கேள்வி. அதுக்குத்தான் பயிற்சி பெற்ற நர்ஸ். கூடவே ஒரு திரை, கதவுக்குத் தாழ்ப்பாள், சுத்தம் பண்ணின ஸ்பெகுலம், ரிசல்ட்டை போன் பண்ணிச் சொல்ல ஒரு ஆள். கதவே இல்லாத ரூமில் படுக்கச் சொல்லிட்டு, கூச்சம்னு பழியை அவங்க மேல போடாதீங்க.

9/ சகோதரிகளே, 30 வயசு தாண்டியாச்சா? தொந்தரவே இல்லைன்னாலும் பரிசோதனை செய்யுங்க. எச்பிவி தடுப்பூசி போட்டிருந்தாலும் செய்யணும். மாதவிடாய் நாட்களில் வேண்டாம். ஸ்மியருக்கு ரெண்டு நாள் முன்பிருந்து உறவு, உள்ளே வைக்கும் மருந்து இரண்டும் தவிர்க்கவும். வெள்ளைப்படுதுன்னு போய், பார்க்காமலே மாத்திரை எழுதினா ஒரே வரி கேளுங்க: "பார்த்துட்டு எழுதுங்க டாக்டர்." அது உங்க உரிமை.