தன்னைத் தான் நடத்துதல்

தலைமை என்றதும் மேடையும் மாலையும் நம் கண்முன் தோன்றுகின்றன. பிறரை நடத்துவதே தலைமை என்று எண்ணிப் பழகிவிட்டோம். பதவி யாதுமின்றித் தன் காலத்தையும் கல்வியையும் ஒரு நெறியில் நிறுத்திக்கொள்பவனைத் தலைவன் என்று எவரும் அழைப்பதில்லை. ஆயினும் அவனிடமிருந்தே மற்றைத் தலைமை பிறக்கின்றது என்பது என் துணிபு.

காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார், பின்னாளில் விபுலாநந்த அடிகள், இதற்குத் தக்க சான்றாவார். ஆங்கில ஆசிரியராகப் பயிற்சி பெற்ற அவர் விஞ்ஞானத்திலும் தகுதிப் பத்திரம் பெற்றார். நல்ல உத்தியோகத்துக்கு இவையே போதும். எனினும் 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் சித்தியெய்தினார். அதனைச் செய்தே தீரவேண்டும் என்று அவருக்கு விதித்தவர் ஒருவருமிலர். ஆசிரியப் பணியின் நடுவே பயின்று இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி கிடைத்தது. அதனையும் விடுத்து 1922இல் இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்தார். பண்டைத் தமிழரின் இசையைக் கணித அளவைகளால் ஆராய்ந்த அவரது யாழ்நூல் 1947இல் அரங்கேறிற்று. விஞ்ஞானமும் தமிழும் ஒருவரிடத்தே குடிகொண்டிராவிடின் அந்நூல் தோன்றியிராது. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார்.

மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை அவர் நிறுவினார். ஈராண்டுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராய்ச் சென்றுவிட்டார். வித்தியாலயமோ நின்று நிலைத்தது. நிறுவியவர் அருகில் இல்லாத நாளிலும் தன்னை நடத்திக்கொள்வதே வளர்ச்சியுற்ற நிறுவனம்.

இந்த அளவுகோலால் எம்மை அளந்து பார்ப்போமாக. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதனைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. முகாமையாளரின் விருப்பு வெறுப்புக்கு ஆசிரியர் அஞ்சி வாழவேண்டிய நிலை ஒழிந்தது நன்றே. ஆனால் பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய ஊர்களில் ஒரு புதுப் பழக்கம் புகுந்துவிட்டது. நூலகக் கதவு திறக்கப்படும் நேரத்தை மாற்றுவதற்கும் சுற்றுநிருபத்தை எதிர்பார்க்கின்றோம்! எந்தச் சுற்றுநிருபம் அதனைத் தடுத்தது என்று கேட்டால் விடை கிடையாது.

பழைய மாணவர் சங்கங்களும் இந்நோய்க்கு விலக்கல்ல. போரினாலும் புலப்பெயர்வாலும் எம்மவர் இலண்டன், ரொறன்ரோ, சிட்னி எங்கும் பரந்து வாழ்கின்றனர். அவர்தம் கொடை பெரிது. எனினும் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட முன்வருவோர் பலராகவும், அதன் கூரையைப் பழுதுபார்க்க முன்வருவோர் சிலராகவும் இருக்கக் காண்கின்றோம். (கூரை ஒழுகினாலும் பெயர்க்கல்லுக்குக் கேடில்லை என்பது உண்மையே.) ஒருவரே பல்லாண்டு செயலாளராயிருந்து, அவர் நோயுற்றதும் கூட்டக் குறிப்பேடு எங்கே என்று தேடும் சங்கங்களும் உள. அவ்வன்பர்களின் தொண்டை நான் மதிக்கின்றேன். ஆயினும் தமக்குப் பின் வருவோரைப் பழக்காத தொண்டு அரைத்தொண்டே.

மாணவ நண்பர்க்கும் ஒரு சொல். மாணவர் மன்றத்தின் அறிக்கையை ஆசிரியர் எழுத, செயலாளர் வாசிக்கும் வழக்கம் தகாது. பிழைகள் மலிந்திருப்பினும் அவர்களே எழுதட்டும். வரவுசெலவையும் அவர்களே வைத்திருக்கட்டும். ஐந்து ரூபாய் கணக்கில் பிசகினால் எங்கே பிசகியது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஆசிரியர் இல்லாத பாடவேளையில் வகுப்பு எவ்வாறிருக்கின்றது என்பதைவிடக் கல்லூரியின் தரத்தை உரைக்கும் பரீட்சை வேறில்லை.

இவ்விழா ஆண்டில் எம் சங்கத்தின் முன் இரண்டு பிரேரணைகளை வைக்கின்றேன். எப்பதவியையும் ஒருவர் தொடர்ந்து மூன்று ஆண்டுக்கு மேல் வகித்தலாகாது. விலகுபவர் ஓராண்டு உடனிருந்து புதியவர்க்கு வேலையைப் பழக்கவேண்டும். கணக்கறிக்கை, பொதுக்கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னரே கல்லூரி அறிவித்தற் பலகையில் மாணவரும் வாசிக்குமாறு தொங்கவேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இவற்றை முன்மொழிய நான் ஆயத்தம். வழிமொழிவார் ஒருவர் வேண்டும்.