நம் மதியச் சோறு எந்த வயலில் விளைந்தது?

"நஞ்சில்லாமல் விளைவிக்கிறோம், வாங்கத்தான் ஆள் இல்லை" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். பேசி முடித்து மணி ஒண்ணரை ஆனதும், கும்பலாக எழுந்து போய்ப் பக்கத்துக் கடையில் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுகிறோம். யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லலைங்க. ஆனால் இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

அந்தப் புரோட்டாவைக் கொஞ்சம் பிச்சுப் பாருங்க. மைதா, வடக்கே விளைந்த கோதுமை. எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து கப்பலேறி வருவது. உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது நம் நாடுதான். ராசிபுரம், நாமக்கல் பக்கம் மானாவாரியில் நிலக்கடலை போட்டு, செக்கில் ஆட்டி, டின்னை வீட்டில் வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறவர்கள் நாம். நம் மதியச் சோற்றிலேயே நம் எண்ணெய்க்கு இடமில்லை.

உடம்புக் கதை வேறு. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பிள்ளை ஒன்று இறந்தே போனது. அரைவேக்காட்டுக் கறி மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் நின்றால் கிருமி பெருகும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது என்று 2018 ஜூலையில் இருந்து வரம்பு கட்டியிருக்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்தது. இன்றைக்கும் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி, நூல் சுற்றித்தான் நிறைய கடையில் தருகிறார்கள். வயலில் ஒரு சொட்டு மருந்து படாமல் பார்த்துக்கொள்கிற நாம் அதை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

"இயற்கை அரிசி விலை கூட இருக்குதுங்க, கட்டுப்படி ஆகாது" என்று சேலத்தில் வேலைக்குப் போகிற தம்பிமார்கள் சொல்கிறார்கள். அவர்கள் நம் அரிசியை ரேஷன் அரிசியோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது ஓட்டல் சாப்பாட்டோடு. வெளியே ஒரு வேளைக்கு 80 ரூபாய் என்றால் மாதம் 25 நாளைக்கு 2,000. அரிசி கிலோ 80, செக்கெண்ணெய் லிட்டர் 300 என்றே வைப்போம். ஓர் ஆளின் மதியச் சோற்றுக்கு மாதம் நாலு கிலோ அரிசி, அரை லிட்டர் எண்ணெய். 470 ரூபாய் ஆச்சு. பருப்பு, காய், தயிர் எல்லாம் சேர்த்தாலும் 1,200 தாண்டுவது கஷ்டம். நமக்குப் போட்டி பக்கத்துக் காட்டில் யூரியா போடுகிற அண்ணன் இல்லை, மத்தியான ஓட்டல்தான்.

சரி, யார் கட்டிக் கொடுப்பது? இங்கேதான் பேச்சு தடுமாறும். "அந்தக் காலத்துப் பொம்பளைங்க" என்று மேடையில் பேசுவதை முதலில் நிறுத்த வேண்டும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்தே தறி ஓட்டுகிறார்கள். விடியக்காலம் எழுந்து சமைப்பது மட்டும் அந்தம்மா தலையிலா? தின்கிறவன் அரிசி கழுவட்டும், வெங்காயம் உரிக்கட்டும், தன் தூக்குப்போசியைத் தானே விளக்கட்டும். நம் ஊர் லாரி டிரைவர்கள் வண்டியிலேயே அடுப்பு வைத்து, போகிற வழியில் குழம்பு கூட்டியவர்கள். ஆம்பளைக்குச் சமையல் வராது என்று நாமக்கல்லில் நின்று சொல்ல முடியாது.

பெரிய சமையலும் வேண்டாம். நம் அரிசிம்பருப்புச் சோறு ஒரே பாத்திர வேலை. குழம்பும் கேட்காது, ரசமும் கேட்காது. வெயில் காலத்தில் தேங்காய் அரைத்துவிட்டதும் கீரையும் மதியத்துக்குள் ஊசிப்போகும். அவற்றை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு கூட வந்தால் சோறு தாங்கும். புளிச்சோறு கட்டுச்சோறானது அதனால்தான். தயிர்ச்சோறு என்றால், சோற்றைக் குழைத்து, காய்ச்சி ஆறிய பால் நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள். போசிக்குள்ளேயே உறைந்து ஒரு மணிக்குப் புளிக்காமல் இருக்கும். கொல்லிமலைச் சாமையும் தினையும் ஆறினால் விறைத்துவிடும். தண்ணீர் கொஞ்சம் கூட வைத்து வேகவிட்டு, மோரோ ரசமோ ஊற்றிக் கொண்டுபோக வேண்டும். ராகிக்களி மேலே வெடிக்கும். உருண்டையை மோரில் போட்டுவிட்டால் கவலையில்லை. "சிறுதானியம் தொண்டையில இறங்கல" என்று விட்டவர்கள் பாதிப்பேர் அதைக் காயவிட்டுச் சாப்பிட்டவர்கள். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. இந்தப் பக்குவத்தை எத்தனை விழாவில் சொல்லிக் கொடுத்தார்கள்?

அப்படியும் கட்டிக்கொண்டு வர முடியாதவர்கள் இருப்பார்கள். தனி அறையில் தங்கி வேலை பார்க்கிற பையன்கள், இரண்டு ஷிப்டு ஓட்டுகிறவர்கள். மும்பையில் 1890 வாக்கில் தொடங்கிய டப்பாவாலாக்கள், வீட்டுச் சோற்றை வேலை செய்யும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நமக்கு அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. தறிப்பட்டறைகள் நெருங்கி இருக்கும் ஓர் இடத்தில், உழவர் குழு ஒன்று முறைப்படி பதிவு செய்து, பகல் 12 மணிக்குக் கம்மஞ்சோறும் கொள்ளுப்பருப்பும் வைக்கலாம். பாத்திரம் கொண்டு வருகிறவருக்கு ஐந்து ரூபாய் குறைவு. மூட்டையாக வியாபாரிக்குப் போடும்போது கிடைக்கிற கம்பு விலையையும், சோறாக்கி விற்கும்போது கிடைக்கிற விலையையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் புரியும்.

திருச்செங்கோடு பக்கம் யாராவது ஆரம்பிக்கிறதா இருந்தால் சொல்லுங்க. முதல் மாசத்துக் கம்பு என் காட்டிலிருந்து வரும்.