சாவி யார் கையில்?



திருவண்ணாமலையில் எங்கள் தெருவிலே முதிய அம்மையார் ஒருவர் வசிக்கிறார். அவர் கணவர் மௌத்தாகி ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டது. சென்ற மாதம் வங்கிக்குச் சென்று பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து வந்தவர், அஸர் தொழுதுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த என்னை வாசலிலேயே நிறுத்தினார். மாதந்தோறும் ஒரே தேதியில் 199 ரூபாய் கழிந்திருந்தது. பதினான்கு மாதங்கள்; கூட்டிப் பார்த்தால் 2,786 ரூபாய்.

"மௌத்தாப் போனவர் பேர்ல மாசாமாசம் பணம் போகுதே தம்பி, யார்கிட்டப் போய்க் கேக்குறது?" என்றார்.

விசாரித்தபோது விஷயம் விளங்கிற்று. பெரியவர் படுக்கையில் கிடந்த நாட்களில், பழைய படங்கள் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டிருக்கிறார். உறவுக்காரப் பையன் ஒருவன் டிவியின் பின்புறம் சிறிய ஸ்டிக் ஒன்றைச் செருகி, ஒரு செயலியை அமைத்துக் கொடுத்தான். பெரியவரின் மின்னஞ்சல், பெரியவரின் கைபேசி எண், பெரியவரின் வங்கி அட்டை. அவர் போனபின் கைபேசி அலமாரிக்குள் போயிற்று, ரீசார்ஜ் செய்வாரில்லை. கணக்கு இருவர் பெயரிலும் இருந்தபடியால் அட்டை மட்டும் உயிரோடிருந்தது.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 2021 அக்டோபர் 1 முதல், இப்படித் தானாகப் பணம் கழியும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அறிவிப்பு தவறாமல் போயிருக்கும், வாசிக்கத்தான் ஆளில்லை. தொண்ணூறு நாட்கள் பயன்படாத எண்ணைத் துண்டித்துப் பின்னர் வேறொருவருக்கு வழங்கவும் நிறுவனங்களுக்கு இடமுண்டு. அறிவிப்பும் ஓடிபியும் இன்று எந்த ஊரில் எவர் கையில் ஒலிக்கின்றனவோ!

கேபிள்காரர் வாசலுக்கு வந்து பணம் வாங்கிச் சென்ற காலத்தில் இது நேர்ந்திராது. வீட்டில் மௌத் என்றால் அவரும் வந்து ஓரமாக நின்று துக்கம் விசாரித்திருப்பார்.

சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியது. சன் டிவி 1993-இல் வந்தது. 2006-இல் அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டி எளியவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அவற்றுக்கெல்லாம் பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. 2015-இல் ஹாட்ஸ்டார், 2016-இல் நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைம் வீடியோவும், 2017-இல் சன் நெக்ஸ்ட் என்று அடுத்தடுத்து வந்த செயலிகளோ, "நீ யார்?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கின்றன. அந்தக் கேள்விக்கு முதல் நாளில் யார் பதில் சொல்கிறாரோ, வீட்டின் சாவி அவரிடம் போய்விடுகிறது.

பெரும்பாலும் பதில் சொல்பவர் வீட்டாராக இருப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், டிவியைக் கொண்டுவந்து மாட்டிய கடைப் பையன், "சும்மா சரிபார்க்க" என்று தன்னுடைய கணக்கையே போட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் இரவில் பார்த்தவையெல்லாம் மறுநாள் அவர்கள் கூடத்தில் வரிசை கட்டி நின்றன. இவர்கள் பார்த்தவை அவன் கைபேசியில் நின்றிருக்கும் என்பது மூன்று மாதம் கழித்தே எவருக்கோ உறைத்தது.

ஆகவே, பெட்டியைத் திறக்குமுன் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்குங்கள். கைபேசி எண், நாள்தோறும் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். அனேக வீடுகளில் அது இல்லத்தரசியின் எண்தான். டிவித் திரையில் ஓர் எண்ணோ சதுரக் குறியோ தோன்றும். அதைக் கைபேசியில் ஏற்றினால் போதும். நாலு பேர் பார்த்திருக்க, ரிமோட்டால் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கருவிக்காகப் பெருஞ்செலவு வேண்டாம். டிவியின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் ஒரு ஸ்டிக் போதும். செயலிகள் வேலை செய்யாமற்போன பழைய ஸ்மார்ட் டிவிகளும் அதனால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஸ்டிக்குக்கு உரிய அடாப்டரிலிருந்தே மின்சாரம் கொடுங்கள். டிவியில் உள்ள யு.எஸ்.பி. துளையை நம்பினால், மின்சாரம் போதாமல் அது நடுவிலே அணைந்து அணைந்து எழும். மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பி மட்டுமே ஏற்கும் அந்தப் பழைய 14 அங்குலப் பெட்டியை, என்னைக் கேட்டால், கேபிளோடு நிம்மதியாக விட்டுவிடலாம்.

கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பிப் படம் பார்ப்பதும் வீண். தெளிவான படம் மணிக்கு 3 ஜிபி வரை விழுங்கும். நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் திட்டம் பாதிப் படத்துக்குக்கூடக் காணாது. நம் ஊரிலோ பௌர்ணமி இரவில் கிரிவலத்துக்கு லட்சக்கணக்கானோர் கூடும்போது கைபேசி இணையமே திக்கித் திணறுவதைக் கண்டிருக்கிறேன். வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பில் ஒரு திரைக்கு 5 எம்பிபிஎஸ் வேகம் கிடைத்தாலே முழுத் தெளிவுப் படத்துக்குப் போதுமானது.

வளைகுடாவில் இருக்கும் மகன் தன் கணக்கையே அம்மாவுக்கும் கொடுப்பது நம்மவர் வழக்கம். அன்பில் குறையில்லை. ஆனால் காட்டப்படும் படங்கள் நாட்டுக்கு நாடு மாறும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமோ 2023 ஜூலை முதல் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரே வீட்டாருக்கு என்று கட்டுப்படுத்திவிட்டது. மகன் பணம் அனுப்பட்டும். கணக்கு இங்கே இருக்கட்டும்.

பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, நிகழ்ச்சிகளை வயதுவாரியாக 7, 13, 16 என்று பிரித்துக் காட்ட வேண்டும். 13 வயதுக்கு மேற்பட்டோர்க்குரியவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் தர வேண்டும். பூட்டைத் தருவார்கள்; பூட்டுவது நம் வேலை. பலரும் குழந்தைகளுக்கென்று தனிப் பக்கம் ஒன்றை அமைத்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். பிள்ளை அதிலிருந்து வெளியே வந்து, பக்கத்திலேயே இருக்கும் அத்தாவின் படத்தை அழுத்தினால் எல்லாக் கதவும் திறந்துகொள்ளும்! பின் எண் போட வேண்டியது பெரியவர்களின் பக்கத்துக்குத்தான். யூடியூபுக்கு இந்தப் பூட்டுகள் செல்லா. அதன் அமைப்புகளில் தனியே கட்டுப்பாடு வைக்க வேண்டும்.

செயலியை டிவியிலிருந்து நீக்கினால் பணம் நின்றுவிடும் என்று எண்ணுவோர் ஏராளம். நிற்காது. கணக்குக்குள் சென்று சந்தாவை ரத்துச் செய்ய வேண்டும். யுபிஐ வழியே செலுத்துவோர் அந்தச் செயலியில் 'ஆட்டோபே' என்னும் பகுதியையும் திறந்து பார்க்கட்டும். மறந்துபோன உறவுகள் சில அங்கே தென்படலாம்.

நம் அம்மையாருக்கு இவ்வழிகளெல்லாம் அடைபட்டிருந்தன. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இருவரும் வங்கிக்குப் போனோம். பெரியவரின் அட்டையை முடக்கினார்கள். இந்த மாதம் 199 கழியவில்லை. போன பணம் போனதுதான்.

ஸ்டிக்கைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் தம்பி, என் பேர்ல போட்டுக் குடுங்க" என்றார். ஒரு மணி நேரம் பிடித்தது. மின்னஞ்சல், கடவுச்சொல், பின் எண், பணம் கழியும் தேதி எல்லாவற்றையும் தம் கைப்பட ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் அட்டை இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார். சிறு வயதில் தாயாரிடம் கற்ற அரபுத் தமிழில் எழுதியிருக்கிறார். பேரன்மார் மூவரில் ஒருவனுக்கும் அதை வாசிக்கத் தெரியாது.