ஏழுமலையைப் பற்றி எழுத இன்னும் என்ன இருக்கிறது?

எழுத வருகிற இளைஞர் ஒருவர், 'திருப்பதியைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன்' என்று சொல்லிப் பார்க்கட்டும். 'அதில் புதிதாக என்ன இருக்கிறது?' என்றுதான் பத்தில் ஒன்பது பேர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தொல்காப்பியப் பாயிரத்திலேயே தமிழ் வழங்கும் நிலத்தின் வடக்கெல்லையாக இடம்பெற்றுவிட்ட மலை அது. பன்னிரு ஆழ்வார்களில் பத்துப் பேர் பாடிய பாசுரங்களே 202. அதன்பின் அன்னமய்யா, தரிகொண்ட வெங்கமாம்பா, கல்வெட்டு ஆய்வாளர்கள், தலபுராணக்காரர்கள், பயணக் கட்டுரையாளர்கள், சினிமாக்காரர்கள் என்று ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அந்த மலையை யாரும் சும்மா விட்டதில்லை. இத்தனை பேர் அள்ளிய பிறகு ஒரு புதியவருக்கு என்ன மிஞ்சும்? பலர் முதல் வரியை எழுதும் முன்பே களைத்துப்போவது இங்கேதான். யாரும் தொடாத பொருள் ஒன்று அகப்பட்டால் எழுதலாம் என்று காத்திருக்கிறார்கள். அது அகப்படுவதில்லை. அந்தக் காத்திருப்பே வீண் என்பது என் கருத்து. எழுதுகிறவர் பொருளைக் கடன் வாங்கலாம். வடிவத்தையும்கூடக் கடன் வாங்கலாம். கடன் வாங்கக் கூடாதது ஒன்றுதான்: விவரம். சித்தூர், திருப்பதிப் பகுதியின் கலையும் எழுத்தும் இதற்குப் போதுமான சாட்சி சொல்கின்றன.

அன்னமய்யாவிலிருந்து தொடங்குவோம். 1424-இல், பதினாறு வயதில் பாடத் தொடங்கியவர் 1503-இல் மறையும்வரை நிறுத்தவில்லை என்று அவருடைய பாடல்களைத் தாங்கிய செப்பேடு சொல்கிறது. மொத்தம் 32,000 பாடல்கள் என்பது மரபு. கிடைத்திருப்பவை 12,000-க்கும் மேல். ஏறக்குறைய அத்தனைக்கும் பாட்டுடைத் தலைவன் ஒருவனே. அஹோபிலத்தில் சடகோப யதியிடம் பாடம் கேட்டவர் என்பதால் ஆழ்வார்களின் பாசுரங்கள் அவருக்கு அந்நியம் அல்ல. தனக்கு முன்னால் இந்த மலையை யார் எப்படிப் பாடினார்கள் என்று அறிந்துகொண்டுதான் அவர் வாயைத் திறந்தார். இறைவனைக் காதலனாகப் பாடும் முறை புதிதல்ல, அது ஆண்டாளுக்கும் நம்மாழ்வாருக்கும் கைவந்தது. தாலாட்டும் புதிதல்ல, பெரியாழ்வார் பாடியாயிற்று. அப்படியானால் அன்னமய்யாவிடம் எது அன்னமய்யாவுடையது? உலக்கை போட்டு நெல் குத்தும் தெலுங்குப் பெண்களின் மெட்டு, சங்கராந்திக் கொப்பிப் பாட்டு, வீட்டுத் திண்ணையில் புழங்கிய பேச்சு, அலமேலுமங்கையின் கோபத்தைத் தோழிகள் கேலி செய்யும் தொனி. அரசனுக்கும் சேவகனுக்கும் தூக்கம் ஒன்றே என்று சொல்ல வந்தபோதுகூட அவர் தத்துவ நூலின் மொழியைத் தேடிப் போகவில்லை, படுக்கையைப் பார்த்தார். கரு பழையது, வடிவமும் பாதி பழையது. உலக்கைச் சத்தம் மட்டும் அவர் காதில் விழுந்தது. அவர் மனைவி திம்மக்கா, தெலுங்கின் முதல் பெண் கவிஞராகக் கருதப்படுபவர், எடுத்துக்கொண்ட கதை மகாபாரதத்தில் வரும் சுபத்திரை கல்யாணம். அதுவும் ஊரறிந்த கதைதான். (கம்பருக்கு வால்மீகி இருந்தார் என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

இதே விஷயத்தை இன்னும் கண்கூடாகப் பார்க்க ஸ்ரீகாளஹஸ்திக்குப் போகலாம். புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்க் கலம்காரியில் துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு ஏறியிருப்பதால் மசி ஓடிப் பரவாது. புளியங்குச்சிக் கரியால் மேலோட்டமாகக் கோடு இழுத்துக்கொண்ட பிறகு கலத்தை எடுப்பார்கள். கலம் என்பது நுனி சீவிய மூங்கில் குச்சிதான். நுனிக்குச் சற்று மேலே கம்பளி சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருக்கும். அது மசியைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரல் அழுத்த அழுத்த நுனிக்கு இறக்கும். கறுப்பு மசி, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறிப் புளித்த சாறு. இத்தனை பாடுபட்டு அவர்கள் வரைவது என்ன? ராமாயணம், பாரதம், பாகவதம். யாரும் அவர்களிடம் புதுக் கதை கேட்பதில்லை. இரண்டு கைகள் வரைந்த பட்டாபிஷேகம் ஒன்றுபோல இருப்பதுமில்லை. நலிந்துகொண்டிருந்த இந்தக் கலை 1950-களின் பிற்பகுதியில் அமைந்த பயிற்சி மையத்தால் மீண்டது. அதே ஊரின் ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ வந்தது. மறுபக்கம், கடைத்தெருவில் இயந்திர அச்சில் வரும் கலம்காரி சேலைகள் குவிந்துகிடக்கின்றன. அதே கதை, அதே உருவம், பார்வைக்கு அதே நிறம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கதையில் தேடினால் கிடைக்காது, கோட்டில்தான் தேட வேண்டும்.

நவீன இலக்கியத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சித்தூர் மாவட்டத்தில் பிறந்த டாக்டர் கேசவ ரெட்டி. தொழுநோய் மருத்துவராக நிஜாமாபாத் பக்கம் பணியாற்றியபடி, தான் விட்டுவந்த சித்தூர்ச் சீமையைத் திரும்பத் திரும்ப எழுதியவர், 2015-இல் காலமானார். 'அவன் காட்டை வென்றான்' என்று தமிழிலும் வந்திருக்கிற அவரது நாவலில், காணாமல்போன சினைப்பன்றியைத் தேடி ஒரு கிழவன் ஈட்டியோடு காட்டுக்குள் போகிறான். ஓர் இரவு முழுக்கப் போராடுகிறான். ஹெமிங்வேயின் கிழவனையும் கடலையும் படித்த எவருக்கும் இது உடனே நினைவுக்கு வரும், விமர்சகர்களும் ஒப்பிட்டே பேசினார்கள். தனி ஆளாக ஒரு கிழவன், ஒரு விலங்கு, மசியாத இயற்கை என்ற சட்டகம் 1952-லேயே உலகப் புகழ் பெற்றுவிட்டதுதான். ஆனால் கேசவ ரெட்டியின் காட்டை ஹெமிங்வேயிடமிருந்து எடுக்க முடியாது. பன்றி எந்தப் புதரை ஈனத் தேர்ந்தெடுக்கும், அந்த நேரத்தில் தன்னை வளர்த்தவனிடமே எப்படி நடந்துகொள்ளும் என்பதெல்லாம் பன்றி மேய்ப்பவரோடு பழகிய ஊர்க்காரர் தவிர வேறு எவராலும் எழுத முடியாதவை. நாமினி சுப்பிரமணியம் நாயுடுவின் 'மிட்டூரோடி கதலு' இன்னொரு எல்லை. அதில் சட்டகம் என்று சொல்லவே ஏதுமில்லை. அம்மா, வயல், மாடு, சித்தூர்க் கொச்சைத் தெலுங்கு, அவ்வளவுதான். இப்படி எழுதினால் யார் படிப்பார்கள் என்று தயங்கக்கூடிய பொருள்களே தெலுங்கு வாசகர்களைக் கட்டிப்போட்டன. கரிசல் பேச்சை இலக்கியத்துக்குள் கொண்டுவந்த கி. ராஜநாராயணனைத் தெரிந்த நமக்கு இது வியப்பாக இருக்காது.

இனி நேர்மாறான காட்சி. 'ஏழுமலையானைப் பற்றி நீங்கள் அறியாத ரகசியங்கள்' என்ற தலைப்பில் வரும் பதிவுகள் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கும் என்று கணக்கே இல்லை. மூலவரின் கூந்தல் உண்மையானது, முதுகில் காதை வைத்தால் கடலோசை கேட்கும் என்று ஒரே பட்டியல் ஆள் மாறி ஆள் கைமாறுகிறது. கர்ப்பகிருகத்துக்குள் நுழையவே முடியாத ஒருவர் காதை எங்கே வைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே பொருள் பழையது என்பது குற்றமே அல்ல. அன்னமய்யாவின் பொருளும் இதுவேதான். விவரம் இரவல் என்பதுதான் குற்றம். இரவல் விவரத்தைத் தொகுத்துத் தருவதற்கு இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. அந்த வேலையில் மனிதர் அதனோடு போட்டி போட்டு ஜெயிக்கப் போவதில்லை.

எல்லோரும் எழுதித் தீர்த்த பொருளில் ஒரு புதியவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு 2024 செப்டம்பரைப் பார்க்கலாம். திருமலை லட்டுக்கு வாங்கிய நெய்யில் கலப்படம் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது தெலுங்கிலும் தமிழிலும் ஆளுக்கொரு கருத்து எழுதினார்கள். பக்தி புண்பட்டதைப் பற்றி ஒரு சாரார், அரசியல் உள்நோக்கத்தைப் பற்றி இன்னொரு சாரார். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிடும்வரை இது ஓயவில்லை. கிலோ 320 ரூபாய் அளவில் நெய் வாங்கப்பட்டது என்ற செய்தி எல்லாவற்றிலும் இருந்தது. சித்தூர்ப் பக்கம் இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அந்த எண்ணைக் கேட்டதும் மனக்கணக்கு ஓடியிருக்கும். நூற்றுக்கு நான்கு கொழுப்புள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய் எடுக்க ஏறக்குறைய 25 லிட்டர் வேண்டும். கொழுப்பு நீக்கிய பாலுக்கும் விலை உண்டு என்பதால் பாலின் முழு விலையையும் நெய்யின் தலையில் ஏற்றக் கூடாது. வெண்ணெய் மலிந்த பருவம், மொத்தக் கொள்முதல் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். கழித்த பிறகு எவ்வளவு வருகிறது? சங்கத்தில் அன்று லிட்டருக்கு என்ன கொடுத்தார்கள்? ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலை கேட்டவருக்கே கொடுப்பது என்ற விதி இதில் என்ன செய்கிறது? யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லாமலே, இந்தக் கணக்கை மட்டும் பால்காரரின் வாயிலாக ஒருவர் எழுதியிருந்தால், ஆயிரத்தோராவது லட்டுக் கட்டுரையாக இருந்தும் அது முதல் கட்டுரையாக இருந்திருக்கும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அன்னமய்யாவையும் கேசவ ரெட்டியையும் காட்டுவது எளிது, அவர்கள் மேதைகள். அதே ஏழுமலையானைப் பாடி மறைந்த ஆயிரம் பேரைக் காலம் மறந்துவிட்டதே என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். பழைய பொருளை எடுத்தவர்களில் பெரும்பாலோர் தோற்றிருக்கிறார்கள். ஆனால் புதுப் பொருளைத் தேடிப் போனவர்களும் அதே விகிதத்திலாவது தோற்றிருப்பார்கள். பொருளின் புதுமை தோல்விக்குக் காப்பீடு அல்ல. மேதைமை நம் கையில் இல்லை, விவரம் சேர்ப்பது நம் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைப் பற்றித்தானே புதியவருக்கு யோசனை சொல்ல முடியும்? இன்னொரு மறுப்பு சந்தையைப் பற்றியது: ஓடுகிற பொருளை எழுதினால்தான் படிப்பார்கள். மன்னன் சாளுவ நரசிம்மன் தன்னைப் பற்றியும் ஒரு பாட்டுக் கேட்டான், மறுத்த அன்னமய்யாவுக்கு விலங்கு பூட்டினான் என்று ஒரு கதை உண்டு. கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். இன்றைய மன்னன் வாசகரின் விரல். அவன் கேட்கிற பொருளையே எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. லட்டு ஓடுகிற வாரத்தில் லட்டையே எழுதலாம், கணக்கு மட்டும் சொந்தக் கணக்காக இருந்தால் போதும்.

எனக்கே கொஞ்சம் சங்கடம் தருகிற மறுப்பு வேறு. விவரம் சொந்தமாக இருக்க வேண்டும் என்றால், அவரவர் ஊரையும் சாதியையும் வீட்டையும் தவிர வேறு எதையும் யாரும் எழுதக் கூடாது என்று ஆகிவிடாதா? ஆகும், விவரம் என்பதைப் பிறப்பால் வருவது என்று எடுத்துக்கொண்டால். அது பேருந்து ஏறிப் போயும் வரும், கேட்டும் வரும், ஆவணத்தைப் புரட்டியும் வரும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படையால் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை, போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். எழுதாத பத்திரிகை இல்லை. ஆனாலும் வாசகர் நினைவில் நிற்பது இருபது என்ற எண் மட்டும்தான். திருப்பதியில் இருப்பவருக்குக் காடு தெரியும், ஜவ்வாது மலையில் முன்பணம் வாங்கிய வீடு தெரியாது. திருவண்ணாமலைக்காரருக்கு அந்த வீடு தெரியும், காடு தெரியாது. யாராக இருந்தாலும் பாதி வழி போயாக வேண்டும். போகிறவருக்கு அந்தப் பழைய செய்தி இன்றும் எழுதப்படாத பொருளே.

எல்லைப் பொருள்களும் அப்படியே. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் தங்கின. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றிய கட்டுரைகள் ஆண்டுதோறும் அதே பெயர்களோடும் அதே தேதிகளோடும் வருகின்றன. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த சித்தூர்ப் பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகையை எந்த எழுத்தில் அடிக்கிறார்கள், வேலூரில் பெண் எடுத்த வீட்டில் பேரக்குழந்தை யாரை எப்படிக் கூப்பிடுகிறது என்பவை அந்தக் கட்டுரைகளில் வருவதில்லை. மாங்காயும் இருக்கிறது. 2025-இல் தோத்தாபுரி விலை சரிந்தபோது, கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு மானியம் 4 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. செய்தி அத்தோடு நின்றது. ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் டிராக்டரில் காய் பழுத்து எடை இறங்கினால் அந்த நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பது வரிசையில் போய் நின்று கேட்டால் மட்டுமே தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் புதிதாக எழுதுபவர்களுக்கு அல்ல, அவர்களைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு. கல்லூரிக் கட்டுரைப் போட்டி நடத்துகிறவர்களும் இதழாசிரியர்களும் 'புதுத் தலைப்பாகக் கொண்டு வா' என்று சொல்வதை நிறுத்தட்டும். பழைய தலைப்பையே கொடுங்கள், திருப்பதி லட்டு என்றே கொடுங்கள். வந்த கட்டுரையில் எந்த விவரம் எழுதியவர் தானே போய்ப் பார்த்தது, யாரிடம் கேட்டது என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். குறிக்க ஒன்றுமில்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள்.