சாமி உத்தரவு தரணுமாம்

ஜெயநகரில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சத்சங்கம். வாசலில் செருப்புக்கு டோக்கன், உள்ளே கேள்விக்குப் பெட்டி. போடும் சீட்டுகளைத் தொண்டர்கள் பிரித்துப் பார்த்து, தோதானதை மட்டும் மேடைக்கு அனுப்புகிறார்கள். அல்சூரிலிருந்து என்னோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "வேலையை விட்டுவிட்டு எம்.ஏ. சேரலாமா?" என்று எழுதிப் போட்டார். நாற்பது வயது, வீட்டுக் கடனைத் தனியாளாக அடைத்தவர். "இதுக்கு எதுக்குக்கா உத்தரவு?" என்றேன். "நம்ம புத்தியை நம்புறது அகங்காரம் தம்பி" என்றார்.

சுயபுத்தியை அடகு வைத்தால்தான் ஆன்மா வளரும் என்ற இந்த நம்பிக்கை பெங்களூரில் நன்றாகவே விலைபோகிறது. சாட்சிக்குக் கீதையை இழுப்பார்கள்: பதினெட்டாம் அத்தியாயம், 66ஆவது சுலோகம், சரணாகதி. அதுவும் கண்ணனிடம், மண்டபம் பிடித்தவரிடம் அல்ல. மூன்று சுலோகம் முன்னால், 63இல், நான் சொன்னதை முழுக்க யோசித்துப் பார்த்து உன் இஷ்டப்படி செய் என்று அர்ஜுனனிடம் அதே கண்ணன்தான் சொல்கிறான். இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

கன்னட மண்ணிலேயே இந்த நம்பிக்கைக்கு மறுப்பு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் அக்கமகாதேவி, கௌசிகன் என்ற அரசனை உதறி, உடையையும் விட்டு, கூந்தலே மறைப்பாகக் கல்யாண நகரத்துக்கு நடந்து வந்ததாக வீரசைவ மரபு சொல்கிறது. அங்கே அனுபவ மண்டபம் என்ற சபையில் அல்லமபிரபு அவரை லேசில் விடவில்லை. உடையைத் துறந்தவளுக்குக் கூந்தல் மறைப்பு மட்டும் எதற்கு என்று மடக்கினார். பார்க்கிற உங்களுக்குச் சங்கடம் வேண்டாமே என்றுதான், எனக்காக அல்ல என்ற பொருளில் பதில் வந்தது. சபை தலைவணங்கியது. கேட்டவர் குரு, பதில் சொன்னவர் சாதகி. இன்றைய மண்டபத்தில் இரண்டுக்கும் இடமில்லை. பிறகு அக்கமகாதேவி ஸ்ரீசைலத்துக்குக் கிளம்பிப் போனார்.

புளியோகரைக்காக வார இறுதியில் மேல்கோட்டைக்கு ஓடுகிறோமே, அங்கே பல ஆண்டு வாழ்ந்த ராமானுஜரும் திருக்கோட்டியூரில் குரு சொல்லை மீறி மந்திர ரகசியத்தை ஊருக்கே சொன்னவர்தான்.

மனம் போனபடி ஆடுவதா சுதந்திரம் என்று கேட்பார்கள். இல்லைதான். மனம் குரங்கு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்தால், குரங்கு அடங்காது. அவருக்குக் குட்டிக்கரணம் போட்டுக் காட்டும்.

அன்று அக்காவின் சீட்டு மேடைக்குப் போகவில்லை. மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறும்போது, அடுத்த வாரமும் எழுதிப் போடப்போவதாகச் சொன்னார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.